வராந்தாவுக்குப் போன மைக்ராஸ்கோப்

நான் கையெழுத்துப் போட்ட ஒரு ரிப்போர்ட் ஒரு பொம்பளையைக் கொல்லப் பார்த்துச்சு. அதை முதல்லயே சொல்லிடறேன். லேப் வேலைக்குப் புதுசா வந்த பிள்ளைங்களுக்கு ஒரு நல்ல நாளைப் பத்திச் சொல்லுங்கன்னு என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. சொல்றேன். ஆனா அந்த நல்ல நாளுக்குப் போற வழி என் தப்பு வழியாத்தான் போகுது. வேற பாதை இல்ல.

அறுபதுகளோட நடுவுல, பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம், அதுல இருந்தவங்க பிள்ளைங்க இப்பவும் சர்ச்சுல என் பக்கத்துல உக்காருவாங்க. எனக்கு வயசு இருபத்தாறு. காக்ஸ் டவுன்ல இருந்து நடந்தே வேலைக்குப் போவேன். மைக்ராஸ்கோப்ல கண்ணை வெச்சா என்னை மிஞ்ச ஆள் இல்லைன்னு ஒரு திமிர். "மலத்துல புழு பாக்கறவளை எவன்டி கட்டுவான்"னு எங்க அம்மா புலம்புவாங்க. கட்டினான் ஒருத்தன், நல்லாத்தான் இருந்தோம்.

எங்க லேப் இன்சார்ஜ் யுத்த காலத்துல பட்டாள ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவரு. நாங்க ரெண்டு ஸ்லைடு பாக்கற நேரத்துல அவரு பத்துப் பாத்துடுவாரு. கை அப்படி. கோவம் அதுக்கு மேல. அவருகிட்ட ஒரு சட்டம் இருந்துச்சு. அதைப் புரிஞ்சுக்கணும்னா அந்தக் காலத்துல மல சாம்பிள் எப்படி வரும்னு தெரியணும். நோயாளி கொடுத்ததும் ஆயா தகர டப்பாவுல போட்டு வார்டுக்குப் பின்னாடி ஒரு பலகை மேல வரிசையா வெச்சுடுவா. மறுநாள் எல்லாத்தையும் ஒரே தட்டுல அடுக்கிக் கொண்டாருவா. நாங்க தொடறப்போ சாம்பிளுக்கு ஒரு நாளுக்கு மேலேயே வயசாயிருக்கும். கொக்கிப்புழு முட்டை இருந்தா அதுக்குள்ள பொரிச்சு குட்டிப் புழுவா நெளியும். அதனால இன்சார்ஜ் சட்டம் என்னன்னா, நேத்து சாம்பிள்ல புழு நெளிஞ்சா யோசிக்காதே, கொக்கிப்புழுன்னு எழுதிட்டு அடுத்ததை எடு.

நூத்துக்குத் தொண்ணூறு அது சரிதான். அதான் அதுல இருந்த ஆபத்து.

முனியம்மான்னு ஒருத்தி இழுப்போட வந்து சேர்ந்தா. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஊருக்கு வெளிய, சாக்கடைத் தண்ணி பாயற காய்கறித் தோட்டத்துல வேலை. வருஷம் பூரா செருப்பில்லாம அந்தச் சேத்துல நிப்பா, கீரையைக் கட்டி சிவாஜிநகர் மார்க்கெட்டுல கொண்டாந்து போடுவா. புருஷன் கோவிந்தன், ஜட்கா குதிரை வண்டி ஓட்டறவன். மூச்சு விடறதுக்கே அவ தோள் ரெண்டும் ஏறி ஏறி இறங்குச்சு. ஒரு வார்த்தை பேசினா அடுத்த வார்த்தைக்கு நிக்கணும்.

அப்போதான் ஸ்டீராய்டு மாத்திரை எல்லா டாக்டருங்க கையிலயும் புழங்க ஆரம்பிச்ச காலம். பிரெட்னிசலோன். வெள்ளையா, குட்டியா இருக்கும். எங்க மெடிக்கல் டாக்டருக்கு அதுல ஒரே பெருமை. அவரு கன்னடக்காரரு, தமிழும் நல்லாப் பேசுவாரு, கெட்டிக்காரர். மாத்திரை போட்ட மூணாம் நாள் முனியம்மா எழுந்து உக்காந்து ராகி முத்தை, அதான் களி உருண்டை, ரெண்டு கேட்டு வாங்கித் தின்னா. வார்டே வேடிக்கை பார்த்துச்சு. கோவிந்தன் அந்த மாத்திரையைக் கையில வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டான்.

அந்த வாரம் அவ சாம்பிள் என்கிட்ட வந்துச்சு. பார்த்தேன். புழு நெளிஞ்சுது. ஒண்ணு ரெண்டு இல்ல, ஏகப்பட்டது. ஆனா முட்டை ஒண்ணு கூடக் கண்ணுல படல. கோழிக் குஞ்சு ஓடுது, ஓடு ஒண்ணையும் காணோம்னா ஏதோ இடிக்கணுமா இல்லையா? எனக்கும் இடிச்சுது. ஒரு விநாடி. அப்புறம் தட்டுல இருந்த மத்த டப்பாவையெல்லாம் பார்த்தேன், இன்சார்ஜ் சட்டம் ஞாபகம் வந்துச்சு, கொக்கிப்புழுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் கொக்கிப்புழு மருந்து கொடுத்தாரு. அதோட அந்தக் கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனச்சோம்.

மூணு வாரம் போச்சு. முனியம்மாவுக்கு வயித்து வலி, வாந்தி. ஜுரம். இருமல் திரும்ப வந்துச்சு, இழுப்பும் கூடவே வந்துச்சு, சளியில ரத்தக் கோடு. ரத்தம்னதும் டி.பி.ன்னு சந்தேகம். சளியைத் தீயில காட்டிக் காய வெச்சு, சாயம் போட்டு மூணு தடவை பார்த்தோம். டி.பி. இல்ல. டாக்டர் இழுப்புதான் முத்திப்போச்சுன்னு மாத்திரையைக் கூட்டினாரு. இன்னும் மோசம். மறுபடி கூட்டினாரு.

நாலாவது சளி சாம்பிளைக் கோவிந்தனே லேப் ஜன்னலுக்குக் கொண்டாந்தான். குதிரை ஓட்டற சாட்டையை இடுப்புல சொருகிட்டு நிக்கறான், கண்ணு ரெண்டும் சிவந்திருக்கு.

"நர்ஸம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"நான் நர்ஸ் இல்லப்பா. கேளு."

"மாத்திரையைக் கூட்டக் கூட்ட அவளுக்கு ஜாஸ்தியாவுதும்மா. முதல்ல நல்லாச்சே, இப்ப ஏன் ஏறுது? இன்னைக்கு இன்னும் கூட்டப் போறாங்களாம். கூட்டினா பொழச்சுக்குவாளா?"

அந்த டப்பா என் கையில. அவன் கேட்டது டாக்டருங்க கேக்க வேண்டிய கேள்வி, நான் கேக்க வேண்டிய கேள்வி. ஜட்காக்காரன் கேட்டான்.

அவன் போனதும் ஒரு சொட்டுச் சளியை எடுத்து, காய வெக்காம, சாயம் போடாம, உப்புத் தண்ணி விட்டுப் பச்சையா கண்ணாடி மேல வெச்சேன். டி.பி.க்குன்னு நாங்க இத்தனை நாள் சளியைச் சுட்டுத்தானே பார்த்தோம்? சுட்டா உயிரோட எது நெளியும்?

அட ஆண்டவரே! நெளிஞ்சுது. மெலிசா, நீளமா, சும்மா சவுக்கு சொடுக்கற வேகத்துல ஒண்ணு என் கண்ணு முன்னால குறுக்கே போச்சு.

உடனே குதிச்சேன்னு நெனக்காதீங்க. அதுக்கு ஆறு மாசம் முந்தி ஒருத்தர் சளியில இருந்த வெத்தலை நாரைப் புழுன்னு சொல்லி மானம் கப்பலேறிப் போயிருந்துச்சு எனக்கு. அதனால ரெண்டாவது ஸ்லைடு போட்டேன், மூணாவது போட்டேன். மூணுலயும் இருந்துச்சு. அப்புறம்தான் இன்சார்ஜைக் கூப்பிட்டேன்.

"வெத்தலை நாரா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு.

"நாரு நீந்துமா சார்?"

குனிஞ்சு பார்த்தாரு. ரொம்ப நேரம் தலையை எடுக்கல. "ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ்"னாரு. "பர்மா பார்டர்ல ஒரே ஒரு தடவை பார்த்திருக்கேன். இது கொக்கிப்புழு மாதிரி வெளிய போய்த்தான் பெருகணும்னு இல்ல. உள்ளேயே குட்டி போட்டு உள்ளேயே சுத்தும்."

அப்போ எனக்கு எல்லாம் விளங்கிப்போச்சு. தோட்டத்துச் சேத்துல இருந்து கால் வழியா ஏறின புழு இது. பல வருஷமா அவ வயித்துல கொஞ்சமா, அடக்கமா இருந்திருக்கு. உடம்பு அதைக் காவல் காத்து அடக்கி வெச்சிருக்கு. வெள்ளை மாத்திரை இழுப்பை அடக்கினப்போ அந்தக் காவல்காரனையும் சேர்த்துத் தூங்க வெச்சிடுச்சு. புழு பெருகிக் குடலைத் துளைச்சு நுரையீரல் வரைக்கும் போயிடுச்சு. மாத்திரையைக் கூட்டக் கூட்ட நாங்க அதுக்குச் சோறு போட்டிருக்கோம். வேலியைப் பிரிச்சுவிட்டு மாட்டைத் திட்டின கதை. அன்னைக்கு மலத்துல நெளிஞ்சதும் இதே புழுதான். வாயைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். கொக்கிப்புழுக் குட்டிக்கு வாய்க்குழி நீளம், இதுக்குக் குட்டை. நான் பார்க்கல.

டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருந்தாரு. அடுத்த கட்டில்ல முனியம்மா. டோஸ் கூட்டி எழுதிட்டாருன்னா மத்தியானமே கொடுத்துடுவாங்க. அவரை லேபுக்குக் கூப்பிட்டா வரமாட்டாரு, ரவுண்ட்ஸ் நடுவுல யாரும் அவரைக் கூப்பிட்டதில்ல. அவரா முடிச்சுட்டு வர்ற வரைக்கும் ஸ்லைடு தாங்காது, காஞ்சுடும். வெறும் பேப்பர்ல எழுதி அனுப்பலாம். ஆனா வெத்தலை நாரு எழுதினதும் இதே கைதானே? நம்புவாரா?

"மைக்ராஸ்கோப்பைத் தூக்கிட்டுப் போறேன் சார்"னேன்.

நீங்க சிரிக்கறீங்க. எங்க லேப்ல நல்ல மைக்ராஸ்கோப் ஒண்ணே ஒண்ணு. அதை இன்சார்ஜைத் தவிர யாரும் நகத்தக் கூடாது. "இது இந்த ரூமைத் தாண்டினா என் பொணம் தாண்டின மாதிரி"ன்னு தினமும் சொல்றவரு. என்னைப் பார்த்தாரு. ஸ்லைடைப் பார்த்தாரு. போற வழியில காயாம ஓரத்துல வாசலின் தடவி மூடச் சொன்னாரு. அப்புறம் அந்தக் கனத்த மைக்ராஸ்கோப்பைக் கைக்குழந்தையைத் தூக்கற மாதிரி நெஞ்சோட அணைச்சுத் தூக்கினாரு. "கதவைத் திற, நீ முன்னாடி போ"ன்னாரு.

முற்றத்தைத் தாண்டி, படியேறி, வார்டு வராந்தாவுல ஒரு ஸ்டூல் மேல வெச்சோம். விளக்கு கிடையாது, கீழ இருக்கற கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடிக்கணும். நான் வார்டுக்குள்ள ஓடினேன். டாக்டர் கையில முனியம்மாவோட சார்ட், இன்னொரு கையில பேனா.

"டாக்டர், எழுதாதீங்க!"

வார்டுல அம்புட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தாங்க. இருபத்தாறு வயசு லேப் பொண்ணு டாக்டரைப் பார்த்து எழுதாதீங்கன்னு சொல்றதுன்னா அந்தக் காலத்துல சாமானியம் இல்ல.

"ஏனம்மா?"ன்னாரு, புருவத்தைத் தூக்கி.

"இவங்க சளியில புழு இருக்கு. ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ்."

"புழுவா? உங்க ரிப்போர்ட்டே கொக்கிப்புழுன்னு சொல்லுதே. மருந்தும் கொடுத்தாச்சு. பழைய சாம்பிள்ல பொரிச்சிருக்கும்."

இந்த இடத்துலதான் பிள்ளைங்களா, மனசு தப்பிக்க வழி தேடும். ரிப்போர்ட்டை யார் எழுதினாங்கன்னு சொல்லாமலே தப்பிச்சிருக்கலாம். டாக்டர்தான் கவனிக்கலைன்னு சுத்தி வளைச்சிருக்கலாம். கோவிந்தன் கட்டிலோரம் நின்னு என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தான்.

"அந்த ரிப்போர்ட் நான் எழுதினது டாக்டர். அது தப்பு. முட்டை இல்லாம புழு மட்டும் இருந்துச்சு, அப்பவே நான் நின்னிருக்கணும், நிக்கல. இது இப்போ துப்பின சளி. இதுல எந்தக் கொக்கிப்புழு வந்து முட்டை வெச்சுது, எது பொரிக்க?"

பின்னால இருந்து இன்சார்ஜ் குரல். "அவளுக்கு அப்படி எழுதச் சொல்லிக்கொடுத்தது நான். தப்புல என் பேரையும் சேர்த்துக்குங்க. முதல்ல வந்து பாருங்க."

டாக்டர் வெளிய வந்தாரு. "நோடோணா", பார்ப்போம்னு கன்னடத்துல சொல்லிக்கிட்டே குனிஞ்சாரு. அந்த நேரம் பார்த்து ஒரு மேகம்! பெங்களூர் வானத்தைத்தான் தெரியுமே, நெனச்சா மூடும். கண்ணாடியில வெளிச்சம் போச்சு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச மாதிரி எனக்கு அழுகையே வந்துடுச்சு. டாக்டர் நிமிரல. ஒரு கண்ணை மூடிக்கிட்டு அப்படியே குனிஞ்ச வாக்குல நின்னாரு. அந்த ஒரு குணத்துக்காகவே அந்த மனுஷனை நான் இன்னைக்கும் மதிக்கறேன். ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ. வெயில் வந்துச்சு.

"அய்யய்யோ"ன்னாரு. அவ்ளோதான். நிமிர்ந்து சார்ட்டை எடுத்து, தான் எழுத ஆரம்பிச்சிருந்ததைக் குறுக்கே அடிச்சாரு.

அப்புறம் நடந்ததுல எனக்குப் பங்கு கொஞ்சம்தான், ஆனா அதையும் கேளுங்க. மாத்திரைதான் எதிரின்னு தெரிஞ்சதும் உடனே நிறுத்தணும்னு எனக்கு வெறி. டாக்டர் கையமர்த்தினாரு. "வாரக்கணக்கா சாப்பிட்ட உடம்பும்மா. ஒரேயடியா நிறுத்தினா புழு கொல்றதுக்கு முன்னாடி நாமளே கொன்னுடுவோம்." படிப்படியா இறக்கினாரு. இழுப்புக்கு வேற ஊசி போட்டாரு. புழு குடல்ல இருந்து கிருமியையும் ரத்தத்துக்குள்ள இழுத்துட்டுப் போகும்னு ஜுரத்துக்குத் தனியா மருந்து ஆரம்பிச்சாரு. புழுவுக்குத் தயாபெண்டசோல்னு ஒரு மருந்து புதுசா வந்திருக்குன்னு அவருக்குத் தெரியும், ஊர்ல எந்தக் கடையிலயும் இல்ல. மெட்ராஸ் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில அவரோட படிச்சவர் ஒருத்தர் வெச்சிருந்தாரு. வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கத்திக் கத்திப் பேசினாரு. மூணாம் நாள் ரயில்ல வந்துச்சு, கோவிந்தனே ஜட்காவோட கன்டோன்மென்ட் ஸ்டேஷன்ல போய் நின்னு வாங்கிட்டு வந்தான்.

அந்த மூணு நாள் இருக்கே. அவ மூச்சுத் திணற, கோவிந்தன் என்கிட்ட கெஞ்சினான். "அந்த வெள்ளை மாத்திரையை ஒண்ணு மட்டும் ஜாஸ்தி கொடுக்கச் சொல்லும்மா, அதுலதானே அன்னைக்கு எழுந்து உக்காந்தா." அவனை லேபுக்குள்ள கூட்டிட்டுப் போய் மைக்ராஸ்கோப்ல கண்ணை வெக்கச் சொன்னேன். பார்த்தான். அதுக்கப்புறம் மாத்திரையைப் பத்திப் பேசவே இல்ல. தினம் காலையில சுடச்சுடச் சளியை அவனே கொண்டாந்து, "எத்தினி இருக்குன்னு பாரும்மா"ன்னு ஜன்னல்ல நிப்பான்.

முதல் நாள் ஒரு ஸ்லைடுல பதினோரு புழு. மருந்து வர்ற வரைக்கும் ஏறிக்கிட்டே போச்சு. மருந்து உள்ள போன ரெண்டாம் நாள் பாதியாச்சு. நாலாம் நாள் ரெண்டே ரெண்டு, அதுவும் சோம்பேறியா கெடந்துச்சு. ஆறாம் நாள் நான் ஸ்லைடை மேல கீழ இழுத்து இழுத்துத் தேடறேன், எதுவும் இல்ல. இன்சார்ஜ் வந்து தேடினாரு, இல்ல. ஜன்னலுக்குப் போய் "இல்லப்பா"ன்னேன். அந்த ஆம்பளை, குதிரையை அடக்கற ஆம்பளை, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதான். நானும் அழுதேன். இன்சார்ஜ் மட்டும் மூக்கைச் சிந்திட்டு, "வேலையைப் பாரு"ன்னாரு.

நடுவுல கொஞ்ச நாள் விட்டு மருந்தை மறுபடியும் ஒரு சுத்துக் கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. அந்த மாசமே டாக்டர் ஒரு உத்தரவு போட்டாரு. ஸ்டீராய்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, மண்ணுல இறங்கி வேலை செய்யற எந்த நோயாளிக்கும் மூணு நாள், மூணு சாம்பிள், கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள லேப்ல பாக்கணும். வார்டுக்குப் பின்னாடி இருந்த அந்தப் பலகையை இன்சார்ஜ் தன் கையாலயே பேத்து எடுத்தாரு. அடுத்த வருஷங்கள்ல அப்படி எத்தனை பேரைப் புழு பெருகறதுக்கு முன்னாடியே பிடிச்சோம்! ஆரவாரமே இல்லாம, மாத்திரை வாயில விழறதுக்கு முன்னாடியே. அவங்களுக்கு எதுல இருந்து தப்பிச்சோம்னே தெரியாது. எனக்குத் தெரியும், எனக்கு அது போதும். இன்னைக்கு உங்ககிட்ட கிட்னி மாத்தினவங்க வர்றாங்க, கேன்சர் மருந்து எடுக்கறவங்க வர்றாங்க, காவல் இல்லாத உடம்பு இன்னும் ஜாஸ்தி. புழு இருக்கா இல்லையான்னு முதல்ல பார்த்துட்டுத்தான் டாக்டர் காவலை இறக்கணும். அதைப் பாக்கறது நீங்க. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரிக்குமாம். சிரிங்க, ஆனா சாம்பிளைப் பலகையில வெக்காதீங்க.

முனியம்மாவை ரெண்டு மாசம் கழிச்சுச் செக்கப்புக்கு வரச் சொல்லியிருந்தோம். மூணு நாள் தொடர்ந்து வரணும். வந்தா. தானே நடந்து, கால்ல புது ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு, ஜன்னல்ல இருந்த வரிசையெல்லாம் ஒதுக்கிட்டு, டப்பாவை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சு, "சூடு ஆறலைம்மா, எடு!"ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி சத்தம் போட்டா. வரிசையில நின்ன ஆம்பளைங்க எல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. அவளுக்கென்ன வெக்கம்!

முதல் நாள் இல்ல. ரெண்டாம் நாள் இல்ல. மூணாம் நாள் ஸ்லைடு மேல ஸ்லைடா போட்டேன். ஓரம் ஓரமா, மூலை மூலையா தேடினேன். மத்த வேலையெல்லாம் நின்னுச்சு, மத்தவங்க டப்பாவை இன்சார்ஜே ஓரமா நகத்தி வெச்சாரு. அவ ஜன்னலுக்கு வெளிய காலை மாத்தி மாத்தி நிக்கறா. கடைசியில ரிப்போர்ட்டை எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"என்னம்மா எழுதியிருக்கே?"

"ஒண்ணுமில்லன்னு."

"ஒண்ணுமில்லன்னு எழுதறதுக்கா இம்மாம் நேரம்?"

"அதை எழுதத்தான் முனியம்மா நேரம் ஆவும்."

அவ சிரிச்சா. வாய் விட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்க. நான் பேனாவைக் கீழ வெச்சுட்டு அந்தச் சிரிப்பு முடியற வரைக்கும் காது கொடுத்து நின்னேன். முடிஞ்சுது. ஒரு இருமல் கூட வரல.